ஹார்ட் ஃபெயிலியர்: கால் வீங்கும் முன்பே எடை சொல்லிவிடும்

'ஹார்ட் ஃபெயிலியர்' என்று டாக்டர் சொன்னதும் இதயம் நின்றுவிடப் போகிறது என்று வீடே பதறும். இதயம் நிற்கவில்லை. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அல்லது விறைத்துப்போய்ச் சரியாக நிரம்ப முடியவில்லை. எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போர்ட்டில் இஎஃப் என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியேற்றுகிறது என்ற கணக்கு அது. பொதுவாக 55க்கு மேல் இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே போனால் தள்ளும் சக்தி குறைந்துவிட்டது. இஎஃப் நன்றாக இருந்தும் விறைப்பால் இந்த நோய் வரும், குறிப்பாக நெடுநாள் பிரஷர், சுகர் உள்ள முதியவர்களுக்கு.

நிலைமையை மோசமாக்குவது சிறுநீரகம். தனக்கு வரும் ரத்தம் குறைந்ததும், உடம்பில் நீர் வற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. நுரையீரலில் நீர் தேங்கினால் படுத்ததும் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும். இதயத்தின் வலப்பக்கம் தளர்ந்தால் காலிலும் வயிற்றிலும் நீர் கோக்கும். நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவதை வாயு என்று விட்டுவிடுகிறார்கள். கல்லீரலும் குடலும் நீர்கோத்துக் கிடப்பதாலும் அப்படி இருக்கும்.

கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் நீர் சேர்ந்திருக்கலாம். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. ஆகவே வீட்டில் முதலில் வேண்டியது எடை மெஷின். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்பு, அதே மாதிரி லேசான உடையில், சமமான தரையில் வைத்து எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். அது சதை போட்டதல்ல. கூடவே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இடுப்பின் பின்புறம் பார்க்க வேண்டும்.

உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் வைத்தால் குறைத்ததே வீண். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும் ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ஆபத்து. இளநீரும் அப்படித்தான், டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

தண்ணீருக்கு எல்லோருக்கும் கட்டுப்பாடு கிடையாது. டாக்டர் ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால், காலையில் அந்த அளவைப் பாட்டிலில் நிரப்பி வையுங்கள். காபி, ரசம், கஞ்சி, மோர் எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

நீர் பிரிய வைக்கும் மாத்திரையைக் காலையில் போட வேண்டும். இரண்டாவது வேளை இருந்தால் மாலை நாலு மணிக்குள். இல்லாவிட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் இந்த நோயில் பெரும் கேடு: உப்பைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நன்றாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதும் அதே அளவு கேடு. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தாலோ எழுந்ததும் தலை சுற்றினாலோ உடனே போன் செய்து டோஸ் கேளுங்கள். அப்போது உடம்பில் நீர் குறைந்திருக்கக்கூடும்.

உட்கார்ந்திருந்தும் மூச்சு வாங்குவது, இளஞ்சிவப்பு நுரையோடு சளி, நெஞ்சுவலி, மயக்கம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது வந்தாலும் தமிழ்நாட்டில் 108. மூச்சுத் திணறுபவரைப் படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு நிமிர்த்தி உட்கார வைத்து, மாத்திரைச் சீட்டையும் எடை எழுதிய காலண்டரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.