சமூக வலைதளக் கணக்கை முடக்கும் முன்பே திரும்பி வரும் வழியை உறுதிசெய்தல்

சமூக வலைதளங்களிலிருந்து சில காலம் விலகியிருக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கணக்கை எப்படி முடக்குவது என்று மட்டுமே தேடுகிறார்கள். முடக்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். சிக்கல் வருவது திரும்பும்போதுதான் என்பதால், மீட்பதற்கு வேண்டியவற்றை முடக்குவதற்கு முன்பே செய்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில், உங்கள் தளத்தில் முடக்கம் என்றால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் தற்காலிக முடக்கமும் நிரந்தர நீக்கமும் தனித்தனியானவை. முடக்கினால் உங்கள் பதிவுகளும் படங்களும் பிறர் கண்ணில் படாமல் மறைக்கப்படுமே தவிர அழிக்கப்படுவதில்லை. நீக்கும்படி கோரினாலோ, 30 நாள்களுக்குப் பிறகு கணக்கை மீட்க முடியாது. முன்பு ட்விட்டர் என்ற பெயரில் இருந்த எக்ஸ் தளத்தில் முடக்கமே நீக்கத்தின் முதல் படி. அங்கே 30 நாள்களுக்குள் உள்நுழைந்து கணக்கை உயிர்ப்பிக்காவிட்டால் அது நிரந்தரமாகப் போய்விடும். ஸ்னாப்சாட்டிலும் இதே 30 நாள் கெடுதான். ஆகவே இரண்டு மாதம் ஒதுங்கியிருக்க விரும்பும் ஒருவர் இவ்விரு தளங்களிலும் முடக்கும் வசதியைத் தொடாமல், செயலியை மட்டும் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவதே பாதுகாப்பானது. ஆனால் செயலியை நீக்குவதால் கணக்கு மறைந்துவிடாது. பிறர் உங்கள் பக்கத்தை எப்போதும்போல் பார்க்கலாம், செய்தியும் அனுப்பலாம்.

அடுத்ததாக, கணக்கோடு இணைந்துள்ள மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இன்றும் உங்கள் பயன்பாட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். கைவிடப்பட்ட எண்ணைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கிவிடக்கூடும். அப்போது கடவுச்சொல்லை மாற்றுவதற்கான குறியீடு முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போய்ச் சேரும். கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பை வைத்திருப்பவர்கள், அந்தக் குறியீடு கிடைக்காதபோது பயன்படும் மீட்புக் குறியீடுகளைத் தரவிறக்கி, கைப்பேசிக்கு வெளியே ஓரிடத்தில், தாளில் எழுதியாவது, வைத்துக்கொள்ள வேண்டும். படங்களும் உரையாடல்களும் வேண்டுமென்றால் தகவல்களின் நகலையும் முன்கூட்டியே கோரிப் பெறுங்கள். கோப்பு உடனே கிடைக்காது. கிடைத்த பிறகும் சில நாள்கள் மட்டுமே அதைத் தரவிறக்க முடியும்.

ஃபேஸ்புக் கணக்கைக் கொண்டு வேறு செயலிகளில் உள்நுழையும் பழக்கம் உள்ளவர்கள், அந்தச் செயலிகளில் தனிக் கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், முடக்கிய பிறகு ஒருநாள் ஏதோ ஒரு விளையாட்டைத் திறக்கும்போது, உங்களுக்குத் தெரியாமலேயே ஃபேஸ்புக் கணக்கும் மீண்டும் செயல்படத் தொடங்கிவிடும். எக்ஸ் தளத்திலும் பிற செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளால் இவ்வாறு நேரலாம் என்பதால் அவற்றை முதலில் ரத்துசெய்யுங்கள். நீங்கள் மட்டுமே நிர்வகிக்கும் ஃபேஸ்புக் பக்கம் ஏதேனும் இருந்தால் அதுவும் உங்கள் கணக்கோடு சேர்ந்தே முடங்கும். நம்பிக்கையான ஒருவருக்கு அதன் முழுப் பொறுப்பையும் வழங்கிவிட்டுச் செல்லுங்கள்.

இப்போது முடக்கத் தொடங்கலாம். ஃபேஸ்புக்கில் அமைப்புகளுக்குள் சென்று, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டரைத் திறந்து, தனிப்பட்ட விவரங்கள் என்ற பகுதியில் கணக்கின் உரிமையும் கட்டுப்பாடும் குறித்த வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், முடக்கம் அல்லது நீக்கம் என்ற வரி தென்படும். இன்ஸ்டாகிராமிலும் ஏறக்குறைய இதே பாதைதான். இரண்டையும் இணைத்து வைத்திருப்பவர்களுக்கு அடுத்த திரையில் இரு கணக்குகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தோன்றும் என்பதால், எதைத் தொடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். பிறகு முடக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். ஃபேஸ்புக் அதன்பின் காரணம் கேட்கும்; சில நாள்களில் கணக்கு தானாகவே உயிர்பெறும்படி அமைக்கவும் வாய்ப்பளிக்கும். நீண்ட ஓய்வை விரும்புபவர்கள், தானாக உயிர்ப்பிக்க வேண்டாம் என்பதைத் தெரிவுசெய்துவிட்டே உறுதிப்படுத்த வேண்டும். மெசஞ்சரைத் தொடர்வதா என்றும் கேட்கப்படும். தொடர்ந்தால் பிறர் உங்களோடு அங்கே பேசலாம், அதனால் ஃபேஸ்புக் கணக்கு திறந்துவிடாது. முடக்கிய பிறகும் நீங்கள் அனுப்பிய செய்திகள் பெற்றவர்களிடம் இருக்கும். இன்ஸ்டாகிராமில் வாரத்திற்கு ஒருமுறைக்கு மேல் முடக்க இயலாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீட்பது பெரும்பாலும் எளிது: வழக்கம்போல் உள்நுழைந்தால் போதும், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பழையபடி திறந்துகொள்ளும். எக்ஸ் தளத்தில் உள்நுழைந்ததும் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டுமா என்று கேட்கும், அதற்கு இசைவு தர வேண்டும். ஸ்னாப்சாட்டில் மின்னஞ்சல் முகவரி பயன்படாது, பயனர்பெயரைத்தான் இட வேண்டும். கணக்கு திரும்ப 24 மணி நேரம் வரை ஆகலாம். வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் கணக்கைத் தற்காலிகமாக உறங்க வைத்தவர்கள், அதை மீட்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஃபேஸ்புக்கில் தவறுதலாக நீக்கத்தைக் கோரிவிட்டவர்களுக்கும் 30 நாள்களுக்குள் வழியுண்டு. ஆனால் உள்நுழைவதோடு நின்றுவிடாமல், திரையில் தோன்றும் நீக்கத்தை ரத்துசெய்யும் பொத்தானையும் அழுத்தியாக வேண்டும்.

கடவுச்சொல் மறந்துபோய் மீட்பு வேலை இழுத்தடிக்கும் நேரத்தில், பணம் கொடுத்தால் கணக்கைத் திறந்து தருவதாகச் சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். அவர்களால் தளத்துக்குள் எதையும் செய்ய இயலாது. உங்களுக்கு வரும் குறியீட்டைக் கேட்டு வாங்கி, கணக்கைத் தங்கள் வசமாக்கிக்கொள்வதே அவர்கள் நோக்கம். அந்தக் குறியீட்டைத் தளத்தின் உள்நுழைவுப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் இடாதீர்கள், யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.