அரிய வகைத் தைராய்டு புற்றுநோய்: கத்தி வைக்கும் முன் வகையை உறுதி செய்வது எப்படி?

தைராய்டு புற்றுநோய்களில் பெரும்பாலானவை பாப்பில்லரி, ஃபாலிகுலர் வகைகளே. அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் அதன்பின் கதிரியக்க அயோடின் என்பது அவற்றுக்குரிய சிகிச்சை முறை. மெடுல்லரி, அனாபிளாஸ்டிக், லிம்போமா (நிணநீர்த் திசுப் புற்று) ஆகிய அரிய வகைகளுக்கு இது பொருந்தாது என்பதால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே வகையை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கழுத்து அல்ட்ராசவுண்டும், ஊசியால் செல்களை எடுத்துப் பார்க்கும் எஃப்.என்.ஏ.சி. பரிசோதனையும் தொடக்கம். மெடுல்லரி என்ற ஐயம் எழுந்தால் இப்புற்றின் செல்கள் வெளியிடும் கால்சிடோனின், சி.இ.ஏ. ஆகிய பொருள்களின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டும்; எஃப்.என்.ஏ.சி. முடிவு தெளிவாக இல்லாதபோது, ஊசியைக் கழுவிய திரவத்திலேயே கால்சிடோனினை அளக்கலாம். இப்புற்று தோன்றும் சி செல்கள் அயோடினை உறிஞ்சுவதில்லை. ஆகவே கதிரியக்க அயோடினால் இதில் பயனில்லை.

மெடுல்லரி நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருகிறது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்ற பதிலை மட்டும் நம்பாமல், ரெட் (RET) என்னும் மரபணுவில் மாற்றம் உள்ளதா என்று அனைவருக்கும் பரிசோதிப்பதே முறை. பரம்பரை வகையில் அட்ரீனல் சுரப்பியிலும் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டி இருக்கக்கூடும். அதை அறியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு எகிறலாம். அறுவைக்கு முன், இக்கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது என்று வலியுறுத்துவதன் காரணம் இதுதான். அக்கட்டி இருப்பது தெரிந்தால், ரத்த அழுத்தத்தை மருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்து, முதலில் அதையே அகற்ற வேண்டும். பிறகுதான் தைராய்டு முழுவதையும் கழுத்தின் நடுப்பகுதி நிணநீர்க் கணுக்களையும் அகற்றுவார்கள். நோய் பரவி முற்றிவரும் நிலையில், ரெட் மாற்றம் இருப்பவர்களுக்கு செல்பெர்காடினிப் என்ற மருந்து தரப்படுகிறது. வாண்டெடானிப், கபோசான்டினிப் ஆகியவையும் உண்டு.

கழுத்து வீக்கம் சில வாரங்களிலேயே பெரிதாகி, குரல் கம்மி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் அனாபிளாஸ்டிக் அல்லது லிம்போமாவை நினைக்க வேண்டும். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும், சிகிச்சையோ முற்றிலும் வேறு. எஃப்.என்.ஏ.சி. இங்கே பெரும்பாலும் போதாது. தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுக்கும் கோர் பயாப்ஸி தேவை. மூச்சுக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால், திசு எடுக்கும்வரை ஸ்டீராய்டு கொடுக்காமலிருப்பது நல்லது, ஏனெனில் லிம்போமா அதனால் சுருங்கி முடிவையே குழப்பிவிடும். ஹாஷிமோட்டோ என்னும் தைராய்டு அழற்சி நோய் உள்ளவர்களிடம் அதிகம் தோன்றும் இந்த லிம்போமாவுக்கு மருந்தும் கதிர்வீச்சுமே பிரதான சிகிச்சை. சுரப்பியை முழுதாக அகற்ற வேண்டிய அவசியம் பொதுவாக இருப்பதில்லை.

அனாபிளாஸ்டிக் எந்த அளவில் கண்டறியப்பட்டாலும் நான்காம் நிலையாகவே கணக்கிடப்படும். மூச்சுப்பாதையைப் பாதுகாக்கும் ஏற்பாட்டுடன், அதே நாளில் பிராஃப் வி600இ (BRAF V600E) என்னும் மரபணு மாற்றத்துக்கான பரிசோதனைக்கும் திசுவை அனுப்ப வேண்டும். அந்த மாற்றம் இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெடினிப் ஆகிய இரண்டையும் சேர்த்துத் தரலாம். அமெரிக்காவில் 2018-இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. மருந்தால் கட்டி சுருங்கி, முன்பு அகற்ற முடியாதிருந்த நோயாளிகளில் சிலருக்குப் பின்னர் அறுவை செய்யவும் முடிகிறது.