முதல் பிக்கும் மூன்று வருடக் கடனும்: என்.எஃப்.எல். டிராஃப்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.இன் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட்; எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிக். ஏப்ரல் நெருங்கினால் இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் ஆளுக்கொரு கற்பனை டிராஃப்ட் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் பத்தில் எட்டுப் பட்டியலில் ஒரே வசனம் வருகிறது: “இந்தப் பையன் கிடைக்க என்ன கேட்டாலும் கொடுத்துவிடலாம்.” டிராஃப்டை வருடக்கணக்காகப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சொன்ன வசனம்தான் அது. அதனாலேயே எரிச்சல் கூடுகிறது.

முழங்கால் ஸ்கேனைப் பார்க்காமல் எடுக்காதே, ஒரே ஒரு நல்ல ஆட்டத்தை வைத்து மயங்காதே போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை யாருக்கும் தெரியும்.

முதலில் கணக்குக்கு அடிப்படை. 32 அணிகள், 7 சுற்றுகள். போன சீசனில் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு புதுமுக வீரரின் சம்பளத்தை அவர் எத்தனையாவது பிக் என்பதே தீர்மானிக்கிறது. 2010இன் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதில் 50 மில்லியன் உத்தரவாதம். அடுத்த வருடத்தின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு 22 மில்லியன். ஒரே வருடத்தில் விலை இப்படி விழுந்ததால்தான் இன்று மேல்பிக் தங்கம். குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) தேறிவிட்டால் நான்கு வருடம் அவர் மலிவு. மிச்சமாகும் பணத்தில் மற்ற பதினைந்து இடங்களை நிரப்பலாம்.

சம்பளம் ஒன்றே, சந்தை விலை வேறு

இரண்டாவது பிக்கில் குவார்ட்டர்பேக்கை எடுத்தாலும் ரன்னிங்பேக்கை (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) எடுத்தாலும் சம்பளம் ஒன்றுதான். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அந்த இடத்தில் சாக்வான் பார்க்லியை எடுத்தது. நான்கு வருடத்துக்குச் சுமார் 31 மில்லியன் டாலர். ஒரு குவார்ட்டர்பேக்குக்கு அது அடிமாட்டு விலை. ஒரு ரன்னிங்பேக்குக்கோ, களத்தில் இறங்குவதற்கு முன்பே அவர் வகையில் மேல்வரிசைச் சம்பளம். மலிவு என்ற லாபம் அங்கேயே காலி. பார்க்லி மோசமான ஆட்டக்காரரா என்றால், 2024இல் ஃபிலடெல்பியா ஈகிள்ஸுக்காக 2,005 யார்டு ஓடி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் வென்றவர். ஆள் சரி, இடம் தப்பு. வெளிச்சந்தையில் விலைகொடுத்து வாங்க முடியாத வகை எதுவோ (குவார்ட்டர்பேக், அவரைக் காக்கும் இடது டேக்கிள், எதிரணிக் குவார்ட்டர்பேக்கை விரட்டும் எட்ஜ் ரஷர்) அதற்குத்தான் மேல்பிக்கைச் செலவழிக்க வேண்டும்.

நாளைய முதல் சுற்றை மலிவாகக் கணக்கிடுவது

இனி உண்மையில் கோபம் வரும் இடம்.

மேலே ஏற விரும்பும் அணி தன் பிக்கோடு அடுத்த வருட, அதற்கடுத்த வருட முதல் சுற்றுப் பிக்குகளையும் சேர்த்துக் கொடுக்கும். அவற்றை எப்படி மதிப்பிடுகிறார்கள்? 1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் உருவான புள்ளி அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் பிக் 3,000 புள்ளி, இரண்டாவது 2,600, மூன்றாவது 2,200, பத்தாவது 1,300, பதினாறாவது 1,000. அதோடு ஒரு வாய்வழி விதி: ஒரு வருடம் தள்ளிப்போனால் ஒரு சுற்று கீழே இறக்கிக் கணக்கிடு. அதாவது அடுத்த வருட முதல் சுற்றுப் பிக்கை இந்த வருட இரண்டாம் சுற்றின் நடுவாக வைத்து 420 புள்ளி, அதற்கடுத்த வருடத்தை மூன்றாம் சுற்றின் நடுவாக வைத்து 190 புள்ளி.

இந்த விதிதான் ஆளைக் கவிழ்க்கிறது. 2012இல் வாஷிங்டன், ராபர்ட் கிரிஃபின் III என்ற குவார்ட்டர்பேக்குக்காக செயின்ட் லூயிஸ் ராம்ஸிடமிருந்து இரண்டாவது பிக்கை வாங்கியது. கொடுத்தது: 6ஆவது பிக் (1,600), 39ஆவது பிக் (510), 2013, 2014 முதல் சுற்றுகள். தாளில் 1,600 + 510 + 420 + 190 = 2,720. வாங்கியது 2,600. கொஞ்சம் அதிகம்தான், குவார்ட்டர்பேக்குக்காகப் பரவாயில்லை என்று தோன்றும்.

நடந்தது என்ன? 2013இன் பிக் 22ஆவதாக வந்தது: 780 புள்ளி. கிரிஃபினுக்கு முழங்கால் போனது, அணி 3 வெற்றி, 13 தோல்வி (3-13) என்று சரிந்தது, 2014இன் பிக் இரண்டாவதாக வந்தது: 2,600 புள்ளி. மொத்தம் 5,490. வாங்கிய பொருளையே வட்டியாகத் திருப்பிக் கொடுத்த கதை.

இது ஒருமுறை நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். 1999இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், ரிக்கி வில்லியம்ஸ் என்ற ரன்னிங்பேக்குக்காக அந்த வருடப் பிக்குகள் அனைத்தையும், 2000இன் முதல், மூன்றாம் சுற்றுகளையும் கொடுத்தது. வாங்கியது 5ஆவது பிக். அணி 3-13. கொடுத்த அடுத்த வருடப் பிக் 2ஆவதாக வந்தது. 2023இல் கரோலினா பாந்தர்ஸ், முதல் பிக்குக்காக சிகாகோ பேர்ஸிடம் 9ஆவது, 61ஆவது பிக்குகள், 2024 முதல் சுற்று, 2025 இரண்டாம் சுற்று, கூடவே டி.ஜே. மோர் என்ற நல்ல ரிசீவரையும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) கொடுத்தது. எடுத்தது பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை. அணி 2-15. தாளில் 420 புள்ளியாக எழுதப்படும் 2024இன் முதல் சுற்று, முதல் பிக்காகவே, 3,000 புள்ளியாக வந்து நின்றது. பேர்ஸ் அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்தது.

ஏன் திரும்பத் திரும்ப இப்படி? ஏலச்சீட்டை முதல் மாதமே தள்ளி எடுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயாவது மாதத் தவணைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. இந்தச் சீட்டில் கையில் காசில்லாத மாதம்தான் தவணை ஏறும். வாங்கிய வீரர் தேறாவிட்டால் அணி தோற்கும். தோற்றால் நீங்கள் ஏற்கெனவே விற்றுவிட்ட பிக் மேலேறும். இரண்டு இழப்பும் தனித்தனியாக வருவதில்லை, கைகோத்தபடியே வரும். வாய்வழி விதி இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. என்.பி.ஏ. கூடைப்பந்தில் “முதல் நான்குக்குள் வந்தால் தரமாட்டேன்” என்று பாதுகாப்பு எழுதிக்கொள்வார்கள். என்.எஃப்.எல்.இல் அந்த வழக்கம் கிடையாது.

இன்னொரு காரணம், சொல்லக் கொஞ்சம் அசிங்கமானது. கடனை வாங்குபவரும் அடைப்பவரும் ஒருவரல்ல. வாஷிங்டனின் பயிற்சியாளர் மைக் ஷானஹன் 2013 டிசம்பரில் வெளியேற்றப்பட்டார். கரோலினாவில் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் முதல் சீசனைக்கூட முடிக்கவில்லை. பொது மேலாளர் ஸ்காட் ஃபிட்டரர் 2024 ஜனவரியில் போனார். பிக் இல்லாத டிராஃப்டை எதிர்கொண்டது பின்னால் வந்தவர்கள்.

சரியாகக் கணக்கிடும் முறை இது. நாளைய பிக்கை ஒரே எண்ணாக எழுதாதீர்கள். மூன்று நிலைகளை எழுதுங்கள்: அணி சரிந்தால் 3ஆவது (2,200), நடுவில் நின்றால் 16ஆவது (1,000), பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) போனால் 27ஆவது (680). புதுமுகக் குவார்ட்டர்பேக்கை இறக்கும் பலவீனமான அணிக்கு 40, 40, 20 விழுக்காடு என்று வைத்துப் பாருங்கள். 880 + 400 + 136 = 1,416. ஒரு வருடம் காத்திருப்பதற்காக அதில் பாதியைக் கழித்தாலும் 708. வாய்வழி விதி சொல்லும் 420 எங்கே, இது எங்கே. விழுக்காடுகளை உங்கள் அணிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். முதல் வரியை மட்டும் பூஜ்யமாக்கக் கூடாது.

கடன் வாங்கத் தகுதியான அணிகளும் உண்டு. 2021இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 12ஆவது பிக், 2022, 2023 முதல் சுற்றுகள், ஒரு மூன்றாம் சுற்று ஆகியவற்றைக் கொடுத்து 3ஆவது பிக்கில் ட்ரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. லான்ஸ் அங்கே தொடங்கியது நான்கே ஆட்டங்கள். 2023இல் நான்காம் சுற்றுப் பிக் ஒன்றுக்கு டல்லாஸுக்குப் போய்விட்டார். ஆனால் முந்தைய சீசனில் 6-10 என்று விழுந்திருந்த அணி காயங்களால் விழுந்தது; அடித்தளம் கெட்டி. கொடுத்த இரண்டு பிக்குகளும் 29ஆவதாகத்தான் வந்தன. 2022இன் கடைசிப் பிக், 262ஆவது, பிராக் பர்டி வந்து குவார்ட்டர்பேக்காக வண்டியை ஓட்டினார். வீரர் விஷயத்தில் ஏமாந்தார்கள். கடன் விஷயத்தில் ஏமாறவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2014 டிசம்பரில் வாஷிங்டனோடு ஆடியபோது ராம்ஸ், அந்தப் பேரத்தால் கிடைத்த ஆறு வீரர்களை டாஸ் போட அனுப்பியது. 24-0 என்று வென்றது. பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் இலவசமாக வந்த 2014இன் இரண்டாவது பிக்கில் ராம்ஸ் எடுத்த கிரெக் ராபின்சன் தேறவில்லை. அதே நாளில் தங்கள் சொந்த 13ஆவது பிக்கில் எடுத்தவர் ஏரன் டொனால்ட், பின்னாளில் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பழைய டிராஃப்டுகளை அலசி ஒரு கணக்குச் சொன்னார்கள் (தேலர் 2017இல் நோபல் பெற்றவர்): ஒரு வீரர், தன் வகையில் தனக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 52 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல். இப்படிப்பட்ட விளையாட்டில் சுண்டும் வாய்ப்புகளின் எண்ணிக்கையே சொத்து. ஆனால் குவார்ட்டர்பேக் கிடைக்காமல் எத்தனை முறை சுண்டினாலும் பலனில்லை என்பதற்கும் ராம்ஸே சாட்சி: 2012 முதல் 2016 வரை ஒரு சீசனிலும் தோல்வியைவிட வெற்றி அதிகமில்லை.

ஒரே ஒரு படி ஏறக் காசு கொடுப்பது

2017இல் பேர்ஸ் 3ஆவது பிக்கிலிருந்து 2ஆவதுக்கு ஏற 67ஆவது, 111ஆவது பிக்குகளையும் 2018இன் மூன்றாம் சுற்றையும் கொடுத்து மிட்ச் ட்ருபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. இறங்கிய ஃபார்ட்டிநைனர்ஸ் 3ஆவது பிக்கில் எடுத்தது சாலமன் தாமஸை, அவர் தடுப்பாட்டக்காரர். பின்னாளில் சூப்பர் பவுல்கள் வென்ற குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 10ஆவது வரை இருந்தார். 2012இல் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸும் இதையே செய்தது: 4இலிருந்து 3க்கு ஏற மூன்று பிக்குகள் கூடுதலாகக் கொடுத்து ட்ரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்தது. ரன்னிங்பேக் வேறு. இறங்கிய மினசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது மேட் காலில் என்ற டேக்கிளை.

மூன்றாவது ஒரு அணி உண்மையிலேயே கேட்கிறதா என்று உறுதியாகத் தெரியாதவரை ஒரு படிக்குப் பணம் கட்டாதீர்கள். ஆளில்லாத ஏலத்தில் விலையை ஏற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

இறங்கப் பயப்படுவது

கணக்கு எளிது. 3ஆவது பிக் உங்களுடையது. உங்கள் பட்டியலில் ஒரே தரத்தில் ஐந்து பேர் மிச்சம். 7ஆவதுக்கு இறங்கினால் நடுவில் நான்கு பேர்தான் போவார்கள். ஒருவர் கட்டாயம் இருப்பார். ஐவரில் யார் வந்தாலும் உங்களுக்குச் சம்மதமா என்பதே கேள்வி. சம்மதம் இல்லையென்றால் பட்டியல் போட்டது தப்பு.

சுவர் இல்லாமல் சித்திரம்

2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் முதல் பிக்கில் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவரைக் காக்க வேண்டியவர் விரிவாக்க டிராஃப்டில் (புது அணி மற்ற அணிகளிடமிருந்து வீரர்களை எடுப்பது) முதலில் எடுத்த டேக்கிள் டோனி போசெல்லி. தோள் காயத்தால் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த ஒரு சீசனில் கார் 76 முறை சாக் செய்யப்பட்டார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். அது இன்னும் முறியாத சாதனை. முதல் பிக்கைக் குவார்ட்டர்பேக்குக்குச் செலவழிக்கும் முன் இடது டேக்கிள் யார், அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்தவர் யார் என்று இரண்டு பெயரை எழுதுங்கள். இரண்டாவது பெயர் வரவில்லை என்றால் இரண்டாம் சுற்றுப் பிக்கை யாருக்கும் விற்காதீர்கள்.

ஐந்தாவது வருடம்

முதல் சுற்று வீரருக்கு மட்டும் ஐந்தாவது வருட ஆப்ஷன் (அணி விரும்பினால் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டும் உரிமை) உண்டு. மூன்று சீசன் முடிந்து வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 2020 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த வருடச் சம்பளம் முழு உத்தரவாதம். 2019இன் 6ஆவது பிக், குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸின் ஆப்ஷனை ஜயன்ட்ஸ் 2022இல் வேண்டாம் என்றது. அந்த சீசனே அவர் நன்றாக ஆடிவிட, 4 வருடத்துக்கு 160 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. 2024 நவம்பரில் விடுவித்தது. ஆப்ஷனை ஏற்றிருந்தால் ஒரு வருடச் செலவோடு இன்னொரு சீசன் பார்த்திருக்கலாம்.

40 யார்டு ஓட்டம்

டிராஃப்டுக்கு முன் வீரர்களை 40 யார்டு ஓடவிட்டு நேரம் பார்ப்பார்கள். அந்த வேகத்தை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். ஜான் ராஸ், 4.22 விநாடி, 2017, 9ஆவது பிக், தேறவில்லை. போதும்.

வர மாட்டேன் என்பவர்

1983இல் ஜான் எல்வே, 2004இல் ஈலை மேனிங். இருவரும் முதல் பிக் வைத்திருந்த அணிக்கு வர மாட்டோம் என்ற குவார்ட்டர்பேக்குகள். முன்கூட்டியே சொன்னால் நம்புங்கள். மாற்று பேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். சான் டியாகோ சார்ஜர்ஸ் அப்படித்தான் மேனிங்கை எடுத்துக் கொடுத்து பிலிப் ரிவர்ஸை வாங்கியது.

கடிகாரம்

ஒவ்வொரு பிக்குக்கும் நேர வரம்பு உண்டு; தவறினால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். 2003இல் 7ஆவது பிக்கை வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்த வைக்கிங்ஸ் நேரத்தைக் கோட்டைவிட்டது. ஜாக்சன்வில் ஜாகுவார்ஸும் கரோலினாவும் முந்திக்கொண்டு ஆளுக்கொருவரை எடுத்துவிட்டன. 9ஆவதாக வைக்கிங்ஸுக்குக் கிடைத்தவர் கெவின் வில்லியம்ஸ். பிறகு ஐந்து முறை ஆல்-ப்ரோ (சீசனின் சிறந்த வீரர்கள்) முதல் அணியில் இடம்பெற்றார். இதைச் சொல்லி யாரும் கடிகாரத்தை மறக்க வேண்டாம்.