திரும்பி வரும் சுழல்: அலைவு ஓட்ட சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும்போது பாலத்துத் தூணுக்குப் பின்னால் சுழல் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். தூணை விட்டுப் போன சுழல் போனதுதான், திரும்பாது. கடலடிக் குழாயின் மேல் தண்ணீர் முன்னும் பின்னும் போய் வரும்போது அப்படி இல்லை, போன சுழல் அடுத்த அரை அலைவில் திரும்பி வந்து அதே குழாயில், அதாவது நம் கணக்கில் வரும் உருளையில், மோதும். பம்ப், வால்வு, பைப் என்று ஒரே திசை ஓட்டத்தில் பழகிய நம் கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் உருளையைச் சுற்றிய இந்த அலைவு ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் பிராஜெக்டை எடுத்துவிட்டுத் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ரெனால்ட்ஸ் எண்ணை (உச்ச வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, தண்ணீரின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தது) மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். உச்ச வேகத்தை அலைவு நேரத்தால் பெருக்கி விட்டத்தால் வகுத்தால் கியூலகன்-கார்பென்டர் எண் வரும், சுருக்கமாக கேசி. ரெனால்ட்ஸ் எண்ணை கேசியால் வகுத்தால் பீட்டா. 1990-ல் தட்சுனோவும் பேர்மனும் சோதனையில் பார்த்த எட்டு வகை ஓட்டங்களையும் இந்த கேசி, பீட்டா வரைபடத்தில்தான் பிரித்துக் காட்டினார்கள்.

மெஷ்ஷுக்கும், அதாவது ஓட்டப் பரப்பைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரிக்கும் வலைக்கும், பீட்டாதான் வழி சொல்லும். உருளையின் சுவரை ஒட்டி, பாகுநிலையின் பிடி தெரியும் மெல்லிய ஸ்டோக்ஸ் அடுக்கின் தடிமன், பையையும் பீட்டாவையும் பெருக்கி, அந்தப் பெருக்கலின் வர்க்கமூலத்தால் விட்டத்தை வகுத்தால் கிடைப்பது. பீட்டா 20 என்றால் விட்டத்தில் சுமார் 0.126 பங்கு, 1000 என்றால் 0.018 பங்குதான். 20-க்குச் சரியாக வந்த மெஷ்ஷை 1000-க்கு அப்படியே எடுத்துப் போட்டால் அந்த அடுக்குக்குள் இரண்டு செல்கூட இருக்காது. ஒரே திசை ஓட்டப் பழக்கத்தில் பின்பக்கம் மட்டும் மெஷ்ஷை நெருக்கமாக்குகிறார்கள், இங்கே பின்பக்கம் என்று ஒன்று கிடையாது, இரண்டு பக்கமும் வேண்டும்.

டைம் ஸ்டெப்பை உச்ச வேகத்தில் கூரன்ட் எண்ணை (ஒரு டைம் ஸ்டெப்பில் தண்ணீர் எத்தனை செல் தாண்டுகிறது என்பதை) பார்த்து முடிவு செய்யுங்கள். நேரத்தில் முன்னேற எளிதாகப் போடும் முதல் வரிசை ஆய்லர் முறை சுழலைக் கரைத்துவிடும், கரைந்த சுழல் திரும்பி வந்து மோதும்போது விசையும் தப்பாகத்தான் வரும்.

நேரம் மிச்சம் என்று பாதி உருளையை மட்டும் வைத்து, மறுபாதி கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் என்று சமச்சீர் எல்லை போடுவது எனக்குப் பெரிய கவலை. கேசி கூடக்கூட சுழல்கள் ஒரு பக்கமாகச் சாயும், பாதி மெஷ்ஷில் அது தெரியவே தெரியாது. முழு மெஷ் போட்டாலும் அது துல்லியமான சமச்சீராக இருந்தால் சாய்வு வளரப் பல அலைவுகள் பிடிக்கும், அதனால் ஆரம்பத்தில் சின்னதாக ஒரு அசைவு கொடுங்கள். கேசி குறைவு, 2டி போதும் என்பதும் எப்போதும் சரி கிடையாது. குறைந்த கேசியிலேயே உருளையின் நீளவாக்கில் காளான் வடிவில் முப்பரிமாண அமைப்புகள் எழுவதை ஹோன்ஜி 1981-லேயே காட்டிவிட்டார்.

அப்புறம் அவுட்லெட். அரை அலைவுக்கு ஒரு தடவை அதுதான் இன்லெட். வெளியேறிய சுழல் அந்த எல்லையைத் தொட்டால் திரும்பி வரும் தண்ணீர் பொய்யாகிவிடும். இதற்காகத்தான் பலரும் தண்ணீரை நிறுத்திவிட்டு உருளையை ஆட்டுகிறார்கள், நல்ல வழிதான். ஆனால் ஒரு மாணவி அப்படிச் செய்து, உருளை மேல் விசையை இழுவை, நிலைமம் என்று இரண்டாகப் பிரிக்கும் மாரிசன் சமன்பாட்டில் நிலைமக் கெழு (முடுக்கத்தோடு வரும் விசையின் அளவு) 2-ஐ ஒட்டி வர வேண்டிய இடத்தில் 1-ஐ ஒட்டி வருகிறதே என்று மூன்று வாரம் மெஷ்ஷைப் பொடிப்பொடியாக்கிக்கொண்டிருந்தாள். மெஷ்ஷில் தப்பே இல்லை. தண்ணீர் முடுக்கமடையும்போது அதை முடுக்கும் அழுத்தச் சரிவு உருளையையும் தள்ளும், உருளையை ஆட்டும்போது அந்தப் பங்கு கிடையாது. வட்ட உருளைக்கு வித்தியாசம் சரியாக 1. தண்ணீரை ஆட்டி எடுத்த விசையா, உருளையை ஆட்டி எடுத்ததா என்று எழுதாமல் யாருடைய எண்ணோடும் ஒப்பிடாதீர்கள்.

சரி, ஒப்பிட எங்கே போவது? டுட்ஷ் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ரெனால்ட்ஸ் 100, கேசி 5 அளவீட்டை எடுங்கள். அதில் ஓட்டம் சமச்சீராக, அலைவுக்கு அலைவு ஒரே மாதிரி இருக்கும், எங்கே பிசகினாலும் உடனே தெரியும். அதே குழுவின் ரெனால்ட்ஸ் 200, கேசி 10-க்குப் போனால் நிலைமை வேறு, சுழல்கள் சாயும் பக்கம் அவ்வப்போது மாறும், ஐந்து அலைவுகளின் சராசரியை எடுத்து முடிவு எழுதினால் அது அந்த ஐந்துக்கு மட்டும்தான் பொருந்தும்.