டிரைவ் போச்சு என்று சொல்வதற்கு முன்: சர்வோ அலாரத்தில் நாம் செய்யும் தவறுகள்

ஓடிக்கொண்டிருந்த சிஎன்சி மெஷின் நின்று, சர்வோ டிரைவின் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக் கட்டுப்படுத்தும் பெட்டி) குட்டித் திரையில் ஒரு எண் மின்னுகிறது. அதுதான் அலாரம். பெரும்பாலான இடங்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: மெயினை ஆஃப் செய்து ஆன் செய்வது. அலாரம் போய்விடும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். திரும்ப ஆஃப், ஆன்.

எனக்குத் தெரிந்து டிரைவ்களை அதிகம் கொன்றது இந்தப் பழக்கம்தான். மிட்சுபிஷி எம்ஆர்-ஜே4 டிரைவில் 32 என்றால் ஓவர்கரண்ட். கேபிளிலோ மோட்டாரிலோ உண்மையாகவே ஷார்ட் இருந்தால், ஒவ்வொரு ரீசெட்டிலும் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்து மூடும் உள்ளே இருக்கும் ஐஜிபிடி சுவிட்ச் அந்த அடியை வாங்குகிறது. மோட்டார் கேபிளில் மட்டும் இருந்த கோளாறு, சாயங்காலத்துக்குள் டிரைவையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும். 50, 51 என்ற ஓவர்லோட் அலாரங்களுக்கும், 30 என்ற ரீஜென் (பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரம்) அலாரத்துக்கும் சுமார் 30 நிமிடம் ஆறவிடச் சொல்கிறது மேனுவல். யார் விடுகிறோம்?

எண்ணைக் குறித்துக்கொள்கிறவர்கள்கூட, அது எப்போது வந்தது என்று ஆபரேட்டரைக் கேட்பதில்லை. சர்வோ ஆன் ஆன அந்த நொடியிலா, வேகம் எடுக்கும்போதா, நிற்கப்போகும்போதா? பாதி விடை இதிலேயே இருக்கிறது. ஆன் செய்ததுமே ஓவர்கரண்ட் வந்தால், பவரை நிறுத்தி, டிரைவ் பக்கம் மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ ஒயர்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்து பாருங்கள். அப்போதும் அதே அலாரம் என்றால் டிரைவைச் சந்தேகப்படலாம். வரவில்லை என்றால் கேபிளையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும். ஆனால் மேலும் கீழும் போகும் ஆக்சிஸ் என்றால் முதலில் அதற்கு முட்டு கொடுத்துவிடுங்கள். அப்புறம், டிரைவைத் தொடும் முன் சார்ஜ் விளக்கு அணைந்ததா என்று பார்த்தால் மட்டும் போதாது. 15 நிமிடம் காத்திருந்து, பி, என் முனைகளுக்கு நடுவே டிசி வோல்ட்டை அளந்து பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஓவர்வோல்டேஜ் என்றதும் ஈபி சப்ளையைத் திட்டுவது இன்னொரு வழக்கம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 415 வோல்ட் மூன்று ஃபேஸை டிரைவ் டிசியாக மாற்றினால் ஏறக்குறைய 587 வோல்ட் வரும். 400 வோல்ட் வகை டிரைவ்கள் பொதுவாக 800 வோல்ட் பக்கம்தான் இந்த அலாரத்தை அடிக்கின்றன. சப்ளையே அதற்குக் காரணமாக இருக்க வேண்டுமானால் லைனில் 560 வோல்ட்டுக்கு மேல் வந்திருக்க வேண்டும். அப்படி வந்திருந்தால் கூடவே வேறு சிலவும் புகைந்திருக்கும். பெரும்பாலும் நடப்பது வேறு. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறித் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை எரித்துத் தீர்க்க வேண்டிய ரீஜென் ரெசிஸ்டர் அறுந்திருக்கும், அல்லது வெளி ரெசிஸ்டர் போட்டவர் அதற்கான பாராமீட்டரை மாற்ற மறந்திருப்பார். ஜாபைப் பிடிக்கும் கனமான புது ஃபிக்சர் ஏற்றிய வாரத்திலிருந்துதான் அலாரம் தொடங்கியதா என்றும் கேளுங்கள்.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். டிரைவோடு இணைந்திருக்கும் கேபிளில் 500 வோல்ட் மெகரைச் சுற்றினால், சோதிக்கப் போன நாமே கோளாறு ஆகிவிடுவோம். டிரைவ் பக்கம் கழற்றிவிட்டுத்தான் எர்த்துக்கு அளக்க வேண்டும். அளவு குறைந்தால் மோட்டார் கனெக்டரையும் பிரித்து, மோட்டார் தனி, கேபிள் தனி என்று பார்க்க வேண்டும். மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவுக்குச் சொல்லும் என்கோடரின் பின்களில் மெகர் படவே கூடாது. கனெக்டரைத் திறக்கும்போது மோந்து பாருங்கள், உள்ளே இறங்கியிருந்தால் கூலன்ட் (வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவம்) வாடை அடிக்கும். காலை ஷிப்டில் மட்டும் எர்த் ஃபால்ட் வந்து, மெஷின் சூடானதும் காணாமல் போனால் முதல் சந்தேகம் அங்கேதான்.

மல்டிமீட்டரும் ஏமாற்றும். சர்வோ மோட்டாரின் வைண்டிங் பல நேரம் ஒரு ஓம் அளவிலோ அதற்குக் கீழோதான் இருக்கும். நல்ல மோட்டாரில் வைத்தாலும் பஸ்ஸர் கத்தும். அதைக் கேட்டு ஷார்ட் என்று மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பியவர்கள் உண்டு. மூன்று ஜோடியும் ஒரே அளவா என்பதுதான் கேள்வி.

இண்டக்‌ஷன் மோட்டாரில் பழகிய கை, சுழலும் திசையை மாற்ற இரண்டு ஃபேஸை மாற்றிப் போடும். சர்வோவில் அது நடக்காது. என்கோடர் சொல்லும் கோணமும் கொடுக்கும் கரண்டும் பொருந்தாமல், மோட்டார் உதறும், பாயும், அல்லது அப்படியே முறுக்கிக்கொண்டு ஓவர்லோட் அடிக்கும். திசையைப் பாராமீட்டரில்தான் மாற்ற வேண்டும்.

ஓவர்லோட் என்றதும் நினைவுக்கு வருவது மேலும் கீழும் போகும் ஒரு இசட் ஆக்சிஸ். டிரைவை மாற்றினார்கள், மோட்டாரையும் மாற்றினார்கள், அலாரம் போகவில்லை. கடைசியில் பார்த்தால், பிரேக்கை விடுவிக்கும் 24 வோல்ட் ரிலேயின் கான்டாக்ட் கருகிப்போயிருந்தது. பிரேக் பிடித்தபடியே மோட்டார் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மோட்டாரைக் கழற்றியபோது நின்ற இடத்தைப் பேட்டரியால் நினைவில் வைக்கும் அப்சல்யூட் என்கோடரின் பேட்டரி இணைப்பும் போய்விட்டதால், இடம் மறந்துபோனது என்ற 25 அலாரம் வந்தது, ஹோம் பொசிஷனையும் (ஆக்சிஸின் தொடக்கப் புள்ளி) புதிதாக வைக்க வேண்டியதாயிற்று. ரிலேயை மாற்றப் பத்து நிமிடம். ஹோம் வைத்து ஜாப் அளவு சரிபார்க்க ஒரு ஷிப்ட் முழுதும் போனது.