எக்ஸ்டெண்டட் வாரண்டி: பணம் கட்டும் முன் குமரிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கார் புக் செய்யப் போகும்போது ஷோரூமில் தரும் கொட்டேஷனில், காப்பீடு, ரோடு டாக்ஸ் எல்லாம் முடிந்தபிறகு இன்னொரு தொகையும் எழுதியிருக்கும்: எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது காரோடு வரும் வாரண்டியைப் பணம் கட்டி நீட்டித்துக்கொள்வது. ‘காருக்கே இவ்வளவு கொடுக்கிறோம், இதில் என்ன பார்ப்பது’ என்று சிலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ‘அதெல்லாம் கமிஷனுக்காகச் சொல்வது’ என்று சிலர் கேட்ட உடனேயே வேண்டாம் என்கிறார்கள். இரண்டு பேருமே அந்த வாரண்டியின் நிபந்தனைத் தாளை வாங்கிப் பார்ப்பதில்லை. அதைப் படித்தபிறகு உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: என் வண்டி வருடத்துக்கு எவ்வளவு ஓடும், ஓடாத நாளில் எங்கே நிற்கும்? நம் மாவட்டத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு. கியர் பாக்ஸ், பவர் ஸ்டீயரிங், ஏசி கம்ப்ரஸர் மாதிரி ஒரு பாகம் தயாரிப்பில் இருந்த குறையால் தானாகப் பழுதானால் அது வாரண்டியின் பொறுப்பு. விபத்து, வெள்ளம், திருட்டு, மரம் விழுவது என்று வெளியிலிருந்து வரும் எதற்கும் வாரண்டி பதில் சொல்லாது. நமக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபர் தொடங்கினால் வடகிழக்கு மழை. 2021 நவம்பரில் மாவட்டம் எப்படித் தண்ணீரில் நின்றது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கி, காற்று போகும் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவை வாரண்டியில் கேட்டால் கிடைக்காது. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியிலும் பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும். அதை எடுத்திருந்தாலும், தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். தள்ளியோ கயிறு கட்டி இழுத்தோ கரையேற்றி, சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

எலியும் இப்படித்தான். ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை, அதில் வாரக்கணக்காக நிற்கும் கார் என்றால் எஞ்சின் அறைக்குள் எலி குடிபோவது நிச்சயம். வயரிங்கைக் கடித்துப்போட்டால் அது வெளிச்சேதம், வாரண்டியில் வராது. உங்கள் பாலிசியில் எலிக்கடிக்கு இடம் உண்டா என்று இன்சூரன்ஸ் எடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி, நம் மாவட்டத்தில் வாரண்டிப் பணம் வீணாகும் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குளச்சல், கருங்கல், மார்த்தாண்டம், தக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர் இல்லாத தெரு குறைவு. லீவுக்கு வரும்போது ஓட்டுவதற்கும், வீட்டில் அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கும் கார் வாங்கி விடுகிறார்கள். வருடம் முழுக்க அது 2,000, 3,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தால் வீட்டில் இருப்பவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “வண்டி ஓடவே இல்லையே, அவன் லீவுக்கு வரும்போது விட்டுக்கலாம்.”

இந்த ஒரு பதிலில் வாரண்டி கைவிட்டுப் போகலாம். பல கார்களுக்கு சர்வீஸ் அட்டவணை ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது’ என்றுதான் இருக்கும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் தேதி வந்துவிட்டால் சர்வீஸ் செய்தாக வேண்டும். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று கேட்கலாம். எஞ்சின் ஆயில் நின்ற இடத்திலேயே ஈரம் பிடித்துக் கெடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. நான்காவது வருடத்தில் எஞ்சினில் ஏதாவது வந்து வாரண்டியில் கேட்டால், அவர்கள் முதலில் திறந்து பார்ப்பது சர்வீஸ் ஹிஸ்டரியைத்தான். நடுவில் ஒரு வருடம் விடுபட்டிருந்தால் கோரிக்கையை நிராகரிக்க அந்த ஒரு காரணம் போதும்.

ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்கள் வாரண்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, ஊரில் யார் வண்டியை சர்வீஸுக்கு எடுத்துப்போவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். தம்பியோ மச்சானோ யாராக இருந்தாலும், சர்வீஸ் சென்டரில் அவருடைய போன் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள். நினைவூட்டும் குறுஞ்செய்தி ரியாத்தில் இருப்பவருக்கு வந்து என்ன பயன்? சர்வீஸ் முடிந்ததும் தேதியும் கிலோமீட்டரும் அச்சான பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனியின் ஆப்பில் அந்த சர்வீஸ் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் செய்ய ஆள் இல்லை என்றால், எக்ஸ்டெண்டட் வாரண்டி உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பணத்தைத் தனியாகப் போட்டு வையுங்கள்; பழுது வரும்போது உதவும்.

பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்வதும் இதே சிக்கலில் கொண்டுபோய் விடும். நம் மாவட்டத்தில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரண்டி கேட்பது அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பதிவை. வாரண்டி இருக்கும் காலம் முழுக்க அங்கேயே விடுவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அந்த சர்வீஸ் பில்களையும் வாரண்டியின் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நிற்கும் வண்டியின் கதை இது என்றால், ஓயாமல் ஓடும் வண்டிக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போய் வேலை பார்ப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர், போக வர 140. மாதம் 25 நாள் என்றால் 3,500, வருடத்துக்கு 42,000 கிலோமீட்டர். காரோடு வரும் வாரண்டி 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவருக்கு அது இரண்டரை வருடம் ஆவதற்குள் முடிந்துவிடும். பிறகு ‘5 வருடம் அல்லது 1.4 லட்சம் கிலோமீட்டர்’ வரை நீட்டிக்கும் பேக்கேஜ் வாங்கினால், கூடுதலாகக் கிடைப்பது 40,000 கிலோமீட்டர். அது ஒரு வருடத்துக்குக்கூட முழுதாகக் காணாது. இரண்டு வருடத்துக்கான விலையைக் கொடுத்துப் பதினோரு மாதப் பாதுகாப்பு வாங்குகிறார். இவர் மாதிரி ஓட்டுபவர்கள் கிலோமீட்டர் வரம்பு அதிகம் உள்ள, அல்லது வரம்பே இல்லாத திட்டம் அந்தக் கம்பெனியில் உண்டா என்று பார்க்க வேண்டும். அது கிடைக்காதபோது, கொடுக்கும் தொகையை அந்தக் கூடுதல் கிலோமீட்டரால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

சொந்தக்காரர்கள் பழைய அனுபவத்தில் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் அடிப்படை வாரண்டியே மாறிக்கொண்டிருக்கிறது. மாருதி சுசுகி 2024 ஜூலை வரை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் கொடுத்தது. அந்த மாதத்திலிருந்து 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. கூடவே, பணம் கட்டி 6 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை நீட்டிக்கும் வசதியையும் கொண்டுவந்தது. பழைய கணக்கில் ‘மூன்றாம் வருடத்துக்குக் கட்டாயம் வாங்கு’ என்று மாமா சொன்ன யோசனை இன்றைய காருக்குப் பொருந்தாது. மின்சார கார் என்றால், பேட்டரிக்குத் தனி வாரண்டி இருக்கும். பல மாடல்களில் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். நீட்டிக்கும் பேக்கேஜ் அந்த பேட்டரிக்கா, வண்டியின் மற்ற பாகங்களுக்கா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

அடுத்து, வாரண்டி கொடுப்பது யார்? கார் கம்பெனியே கொடுப்பதா, டீலர் தன் பெயரில் கொடுப்பதா, வெளி நிறுவனம் ஒன்று கொடுப்பதா என்பதைத் தாளில் பாருங்கள். நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளம், ஆரல்வாய்மொழி தாண்டினால் திருநெல்வேலி மாவட்டம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும் வண்டிகள் நம்முடையவை. கம்பெனி வாரண்டி என்றால் பொதுவாக நாட்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சென்டரிலும் செல்லும். டீலருடைய சொந்தத் திட்டம் என்றால் அந்த ஒரு பட்டறையில் மட்டும்தான் என்று இருக்கலாம். மதுரை போகும் வழியில் வண்டி நின்றுவிட்டால் திருவனந்தபுரம் டீலரின் அட்டையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ரசீது யார் பெயரில் வருகிறது, வாரண்டி எண் கம்பெனியின் கணினியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெளிவாகிவிடும்.

எதெல்லாம் கிடையாது என்ற பட்டியல் எல்லாத் தாளிலும் உண்டு, பொடி எழுத்தில். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, ஃபில்டர், ஆயில் ஆகிய தேயும் பொருள்கள் வராது. டயருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகள்தான் பொறுப்பு. சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்கள் பல திட்டங்களில் வராது. நம் மழைக்காலச் சாலைகளில் முதலில் போவது அவைதான். உப்புக்காற்றால் வரும் துரு, மரப்பிசினால் கெடும் பெயின்ட் ஆகியவற்றையும் பல கம்பெனிகள் விலக்கி வைத்திருக்கின்றன. முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடு உள்ளவர்கள் துருவுக்கு வாரண்டியை நம்பாமல், வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதையும் ஆன்டி ரஸ்ட் கோட்டிங்கையும் நம்பலாம்.

வெளிக்கடையில் ஹெட்லைட், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா பொருத்தும்போது ஒரிஜினல் வயரை வெட்டி ஒட்டினால், பிறகு மின்சாரப் பழுது எது வந்தாலும் அந்த ஒட்டைக் காட்டி மறுத்துவிடுவார்கள். வயரை வெட்டாமல் கப்ளரில் செருகும் பொருளாக மட்டும் வாங்குங்கள்.

எப்போது வாங்குவது? டெலிவரி அன்றே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. அடிப்படை வாரண்டி முடிவதற்குள் வாங்கிக்கொள்ளப் பல கம்பெனிகள் இடம் தருகின்றன. தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறும், வண்டியைப் பரிசோதிக்கவும் கேட்பார்கள். முடிந்த பிறகு போனால் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் விலை என்ன என்று டெலிவரிக்கு முன்பே எழுதி வாங்கிக்கொண்டு, கடைசித் தேதியைக் குறித்து வைத்துவிட்டு நிதானமாக முடிவு செய்யலாம். ‘இது எடுத்தால்தான் வண்டி சீக்கிரம் வரும்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இது கட்டாயம் கிடையாது. இன்னொன்று, இந்தத் தொகையைக் கார் லோனோடு சேர்க்க விடாதீர்கள். சேர்த்தால் மூன்று வருடம் கழித்துத் தொடங்கப்போகும் பாதுகாப்புக்கு இன்றிலிருந்தே வட்டி கட்டுவீர்கள்.

என்னைக் கேட்டால், ஆட்டோமேடிக் கியர், டர்போ எஞ்சின், பெரிய திரையும் சென்சார்களும் நிறைந்த வண்டி என்றால், ஐந்தாறு வருடம் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால், கம்பெனி வாரண்டியாகப் பார்த்து வாங்குங்கள். அந்தப் பாகங்களில் ஒன்று போனாலே வாரண்டிக்குக் கொடுத்த பணத்தைவிடப் பல மடங்கு செலவாகலாம். சாதாரண பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், மூன்று வருடத்தில் விற்றுவிடும் எண்ணம் என்றால் தேவை குறைவு.

பழைய கார் வாங்குபவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். ‘வாரண்டி இன்னும் இரண்டு வருடம் இருக்கு’ என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். ஆர்.சி. பெயர் மாறியதும் வாரண்டி தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருக்கும், சில திட்டங்களில் கட்டணமும் உண்டு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், வாரண்டி உயிரோடு இருக்கிறதா, சர்வீஸ் விடுபட்டிருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாக வைத்திருந்தும் கோரிக்கையை மறுத்தால், எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து மேலே போக முடியாது. அதன்பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். அங்கும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். டீலர் திருவனந்தபுரத்தில் இருந்தாலும் வழக்குக்காக நீங்கள் அங்கே அலைய வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.