வெளிநாட்டில் பிலிப்பைன்ஸ் உணவைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸ் நாட்டவரில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் தம் நாட்டுக்கு வெளியே வாழ்கிறார்கள். துபாயின் மருத்துவமனைகளிலும் ஹாங்காங்கின் அடுக்குமாடி வீடுகளிலும் உலகைச் சுற்றும் சரக்குக் கப்பல்களிலும் அவர்களைக் காணாமல் இருக்க முடியாது. ஆனாலும் சீன உணவகத்தையோ தாய்லாந்து உணவகத்தையோ போல அவர்களுடைய உணவகம் எளிதில் கண்ணில் படுவதில்லை. புதிதாக வந்திறங்கிய பிலிப்பினோக்களே முதல் சில மாதங்களில் இப்படிக் குறைப்பட்டுக்கொள்வார்கள். தாவாவ் நகரில் மருத்துவம் படித்துவிட்டு வேறு நாட்டுக்குப் போன நம் மாணவர்களும், பிலிப்பினோ குடும்பத்தில் மணம் செய்துகொண்டவர்களும் அதையே சொல்வதுண்டு. தேடும் இடம், நேரம், முறை ஆகியவற்றில் நேரும் சில பிசகுகளே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முதல் பிசகு, கைப்பேசி வரைபடத்தில் உணவகம் என்று மட்டும் தேடுவது. வெளிநாட்டுப் பிலிப்பினோக்களில் பெரும்பகுதியினர் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதியில் வாழ்கிறவர்கள். மேசை விரிப்பு போட்ட உணவகம் அவர்களை நம்பித் தொடங்கப்படுவதில்லை. அவர்கள் பணம் அனுப்பும் இடம், ஊருக்குப் பெட்டி அனுப்பும் இடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசை நடக்கும் தேவாலயம், இவற்றை ஒட்டித்தான் சோறும் விற்கும். சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலையில் விலையுயர்ந்த கடைகளுக்கு நடுவே நிற்கும் லக்கி பிளாசாவும், ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதியிலுள்ள வேர்ல்டு-வைடு ஹவுஸும் இதற்கு நல்ல சான்றுகள்: பணமாற்று முகப்புகளுக்கு இடையில் நான்கடி அகலக் கடையில் மதிய உணவு தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும், வெளியே பலகையில் உணவு என்ற சொல்கூட இருக்காது. சியோலில் ஹேஹ்வா தேவாலயத்தை ஒட்டி ஞாயிறுதோறும் கூடும் சந்தையும், தைப்பேயில் சுங்ஷான் வடக்குச் சாலையிலுள்ள புனித கிறிஸ்டோபர் தேவாலயத்தைச் சுற்றிய கடைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆகவே உணவகத்தைத் தேடுவதைவிட, உங்கள் ஊரில் பிலிப்பினோக்கள் எங்கே பணம் அனுப்புகிறார்கள், எந்தத் தேவாலயத்தில் அவர்களுடைய தகாலோக் மொழியில் பூசை நடக்கிறது என்று விசாரிப்பது விரைவில் பலன் தரும். வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே குடும்பத்தோடு குடியேறியவர்கள் அதிகம் என்பதால், 1989-இல் கலிபோர்னியாவின் நேஷனல் சிட்டியில் தொடங்கிய சீஃபுட் சிட்டி போன்ற பெரிய அங்காடிகளே உருவாகிவிட்டன. சமைத்த உணவும் அவற்றின் உள்ளேயே கிடைக்கும்.

இடம் சரியாக இருந்தும் கிழமை தவறினால் வெறும் முகப்பைத்தான் பார்க்க நேரும். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இல்லப் பணியாளர்களில் பலருக்கு ஞாயிறுதான் விடுமுறை. கத்தாரிலும் குவைத்திலும் வெள்ளி. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022-இல் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதிலிருந்து கூட்டமும் அந்த நாட்களுக்கு நகர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை மாலையில் போய், நான்கு தட்டில் மிஞ்சியதைப் பார்த்துவிட்டு இவர்கள் உணவே இவ்வளவுதான் என்று முடிவுகட்டுவோர் உண்டு. விடுமுறை நாளில் முற்பகல் பதினொரு மணிக்குப் போனால் அதே கடையில் பதினைந்து வகை இருக்கும், இரண்டு மணிக்குள் நல்லவை தீர்ந்துவிடும்.

இத்தகைய கடைகளைத் தூரோ-தூரோ என்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை விரலால் காட்டினால் போதும், பரிமாறும் பெண்மணி சோற்றின் பக்கத்தில் வைத்துத் தருவார். அவரை ஆத்தே என்றும், ஆணாக இருந்தால் கூயா என்றும் அழைப்பது வழக்கம். அக்கா, அண்ணன் என்று நாம் கடையில் கூப்பிடுவதற்கு நேரானது அது. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, உணவு கொதிக்கக் கொதிக்க வரவில்லை என்பதால் பழையது என்று ஒதுக்குவது. காலையில் சமைத்து அறைச் சூட்டில் வைத்திருப்பது அந்தக் கடைகளின் வழக்கம், அடோபோ போன்ற காடி (வினிகர்) சேர்ந்த இறைச்சி அதைத் தாங்கும். தேங்காய்ப் பால் சேர்ந்தவற்றில் மட்டும் கவனம் வேண்டும். மாலையில் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு, அதைப் பலரும் தவறு என்றே உணர்வதில்லை. தட்டில் வந்ததை அப்படியே வாயில் வைத்துவிட்டு, உப்பில்லை, உறைப்பில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸ் சமையலில் சுவையின் கடைசிப் பங்கு உண்பவர் கையில் விடப்படுகிறது. மேசையில் இருக்கும் மீன் சாறான பாத்திஸ், காடி, சோயா சாறு, பிழிவதற்குக் கலமான்சி என்ற சிறு எலுமிச்சை, நசுக்கிய சிறு மிளகாய் ஆகியவற்றைக் கலந்து ஒவ்வொருவரும் தமக்கான தொடுகறியைச் சிறு கிண்ணத்தில் செய்துகொள்வார்கள். காரே-காரே என்ற குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்க்கடலையும் வறுத்தரைத்த அரிசியும் சேர்த்துக் கெட்டியாக்கிய அதில் மாட்டுவாலும் வாழைப்பூவும் கத்தரிக்காயும் கிடக்கும். உப்பு வேண்டுமென்றே குறைவாக இருக்கும். பக்கத்தில் ஒரு கரண்டி அளவு கருஞ்சிவப்பாக வைக்கப்படும் இறால் விழுதான பகோங்தான் அதன் உப்பு. ஒவ்வொரு கவளத்துக்கும் அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்துச் சேர்த்தால் கடலையின் இனிப்பு சட்டென்று எழும்பி நிற்கும். அந்த விழுதை நாற்றம் என்று தள்ளி வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் உண்பவர், பாதி உணவைத்தான் உண்டவர்.

தமிழர்களில் மரக்கறி உண்போரும், பன்றி இறைச்சி உண்ணாதோரும் இன்னொரு வகையில் ஏமாறுகிறார்கள். காய்கறி மட்டும் தெரிகிறதே என்று பினாக்பெத்தை வாங்குவார்கள்; பாகற்காய், பூசணி, வெண்டை, கத்தரி என எல்லாம் நம் காய்களாகவே இருக்கும், ஆனால் பகோங் இல்லாமல் அது சமைக்கப்படுவது அரிது. சேம்பிலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்த லாயிங்கிலும், வெள்ளிக்கிழமை உணவாகப் பெயர்பெற்ற பாசிப்பயற்றுக் குழம்பிலும் கருவாடோ இறாலோ பொரித்த பன்றித் தோலோ மறைந்திருக்கும். இறைச்சி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்ற பதில் வரும், அது பொய்யும் அல்ல. இறால் விழுதை அங்கே யாரும் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே பகோங், பாத்திஸ், பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். சவூதியிலும் குவைத்திலும் பன்றி இறைச்சி விற்பனையே இல்லாததால், அங்குள்ள பிலிப்பினோ கடைகள் மாட்டிறைச்சியிலும் கோழியிலும் அதே உணவுகளைச் செய்யப் பழகிவிட்டன.

கடையே இல்லாத ஊரில் வீட்டில் சமைத்துக்கொள்ள முனைவோரின் தவறுகள் மளிகையில் தொடங்குகின்றன. இந்த உணவின் உயிர் புளிப்பில் இருக்கிறது, புளிப்பை மாற்றினால் உணவே மாறிவிடும். சினிகாங் என்ற புளிச்சாற்றுக்குப் புளி வேண்டும் என்று படித்துவிட்டு நம் கடையில் கிடைக்கும் பழுத்த கறுப்புப் புளியைக் கரைத்து ஊற்றினால், பழுப்பாக, ரசத்துக்கு அண்ணன் முறையாகும் ஒன்றுதான் கிடைக்கும். அவர்கள் பயன்படுத்துவது பழுக்காத பச்சைப் புளியங்காய். சாறு வெளிறிய நிறத்தில், கூர்மையான புளிப்போடு இருக்க வேண்டும். உறைந்த புளியங்காய் கிழக்காசியக் கடைகளில் அகப்படும். இல்லையேல் மாங்காயோ புளிச்சக்காயோ போடலாம், இரண்டையும் அவர்களே பயன்படுத்துகிறார்கள். பொட்டலத்தில் வரும் சினிகாங் பொடியை இழிவாக நினைக்கத் தேவையில்லை, மணிலாவின் வீடுகளிலேயே அதுதான் ஓடுகிறது. அதில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் பாத்திஸை ருசி பார்த்த பிறகு சேர்ப்பது நல்லது.

அடோபோவில் தவறு காடியில் நேர்கிறது. வெள்ளைக் காடியை அளவு மாறாமல் ஊற்றினால் தொண்டையைப் பிடிக்கும். அங்கே கரும்பு, தென்னங்கள், நிப்பாப் பனை ஆகியவற்றின் சாற்றிலிருந்து எடுத்த காடிகள் புழங்குகின்றன. டாட்டு புட்டி போன்ற பிலிப்பைன்ஸ் காடி கிடைக்காத ஊரில், இலங்கைக் கடைகளில் விற்கும் தென்னங்கள் வினாகிரி ஓரளவு ஈடுகொடுக்கும். காடியை ஊற்றியபின் கொதி வரும்வரை கிளறக் கூடாது என்பது அந்நாட்டுச் சமையலறை விதி. கலமான்சி என்று எழுதிய போத்தலை வாங்குவோர் உள்ளே இருப்பது சர்க்கரை சேர்த்த பானச் செறிவா, வெறும் சாறா என்று பார்த்து வாங்க வேண்டும். பகோங்குக்குப் பதிலாக பெலாச்சான் என்ற மலேசிய இறால் கட்டியைக் கரைப்பதும் சரிவராது. அது உலர்ந்து இறுகியது, இது ஈரமாக, பூண்டோடு வதக்கி மேசைக்கே வருவது.

ஊதா நிறத்துக்கு ஆசைப்பட்டு ஏமாறுவோர் தனிக் கூட்டம். ஊபே என்ற ஊதாக் கிழங்கின் இனிப்புக்காகச் சேப்பங்கிழங்கை வாங்குகிறார்கள், அல்லது ஊதாச் சர்க்கரைவள்ளியை வாங்குகிறார்கள். இரண்டும் வேறு செடிகள். யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கஞ்சியாகக் காய்ச்சும் இராசவள்ளிக் கிழங்குதான் ஊபே. லண்டனிலும் டொரோண்டோவிலும் ஊபே கிடைக்கவில்லை என்று அலைவோர், பக்கத்துத் தமிழ்க் கடையின் உறைபெட்டியைத் திறந்து பார்க்கலாம். அதே கடையில் முருங்கைக் கீரையும் இருக்கும், அது இல்லாமல் தினோலா என்ற இஞ்சிக் கோழிச்சாறு நிறைவுபெறாது. இரு சமூகத்தவரும் நெருங்கி வாழும் டொரோண்டோவின் ஸ்கார்பரோ போன்ற இடங்களில் பிலிப்பினோக்கள் நம் கடைகளுக்கு வந்து கீரை வாங்கிப்போவதைப் பார்க்கலாம்.

ஜாலிபீ என்ற பிலிப்பைன்ஸ் துரித உணவுக் கடையைக் கண்டதும் தேடலை முடித்துக்கொள்வதும் தவறுதான். 1998-இல் கலிபோர்னியாவின் டேலி சிட்டியில் அமெரிக்காவின் முதல் கிளையைத் திறந்த அந்த நிறுவனத்தின் பொரித்த கோழியும், இனிப்பான ஸ்பகெட்டியும் அந்நாட்டுக் குழந்தைகளின் பிறந்தநாள் நினைவோடு கலந்தவை. அதில் ஏளனத்துக்கு இடமில்லை. ஆனால் அது வீட்டுச் சாப்பாடு அல்ல. அதேபோல ஒரு கடையின் அடோபோவை வைத்து இன்னொன்றைப் பிழை என்று சொல்லவும் கூடாது. சோயா இல்லாத வெள்ளை அடோபோ உண்டு, மஞ்சள் சேர்த்த பத்தாங்காஸ் அடோபோ உண்டு, பிக்கோல் பகுதியில் தேங்காய்ப் பாலே ஊற்றுவார்கள். சமையற்காரர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுவிட்டு, அந்த ஊர் உணவைக் கேட்பதே கெட்டிக்காரத்தனம்: பம்பங்காவில் பிறந்தவராக இருந்தால் பொடியாக நறுக்கிய பன்றி இறைச்சியாலான சிசிக், பகோலோடு நகரத்தவரானால் இனாசால் என்ற சுட்ட கோழி.

நல்ல உணவு பெரும்பாலும் வீடுகளிலிருந்துதான் வருகிறது, தெரிந்தவர் வழியாகச் சொல்லி வைத்தால் அகன்ற முறத்தட்டில் பான்சித் நூடுல்ஸ் வந்து சேரும். இரண்டு மூன்று நாள் முன்னதாகச் சொல்லாமல், அன்றைக்கே வேண்டும் என்று நெருக்குவது முறையல்ல. டிசம்பரில் இன்னும் முந்த வேண்டும். 16 முதல் 24 வரை நடக்கும் விடியற்காலைப் பூசைகளை ஒட்டிப் பிபிங்கா என்ற அரிசி அப்பமும், மூங்கில் குழாயில் அவித்துத் தேங்காய்ப்பூ தூவிய ஊதா அரிசிப் பிட்டான புத்தோ பும்போங்கும் கேட்போர் பெருகிவிடுவார்கள். சிங்கப்பூரில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. பணி அனுமதியில் உள்ள இல்லப் பணியாளர் தம் முதலாளியின் வீட்டு வேலையைத் தவிர வேறு எதற்கும் கூலி பெறச் சட்டம் இடந்தருவதில்லை. நம் நாக்குக்காக அவரைக் காசுக்குச் சமைக்கச் சொல்வது அவருடைய வேலைக்கே உலை வைப்பதாகும். உரிமம் பெற்ற கடையில் வாங்குங்கள்.

கடைசியாக, பெட்டியில் கொண்டுவருவது. லொங்கனிசா என்ற தொத்திறைச்சி, தொசினோ என்ற இனிப்பூட்டிய பன்றி இறைச்சி, பன்றித் தோல் வறுவல் ஆகியவற்றைத் துணிக்குள் சுருட்டி வைத்தால் தெரியாது என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் 2019-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டபின் பல நாடுகளின் சோதனை கடுமையாகிவிட்டது; நோய் பரவிய நாட்டிலிருந்து பன்றி இறைச்சியோடு தைவானில் இறங்கினால் முதல் முறையே 2,00,000 தைவான் டாலர் தண்டம். ஆஸ்திரேலியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இறைச்சிப் பண்டங்களில் விட்டுக்கொடுப்பதில்லை. உலர்ந்த மாம்பழமும் பொட்டலப் பொடியும் பெரும்பாலும் சிக்கலின்றி வந்துவிடும், ஆனாலும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது உணவுப் பொருள் இருப்பதைப் படிவத்தில் குறித்துவிட வேண்டும். பகோங் போத்தலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே பறிகொடுக்க நேரும். மூடியை ஒட்டுநாடாவால் சுற்றி, இரண்டு நெகிழிப் பைக்குள் கட்டி, அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.